கிராண்டில் நம் பெயர்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுள் ‘நான் வாழ விரும்பும் வீடு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதாதவர் குறைவு. மாடி, தோட்டம், மீன் தொட்டி, வாசலில் இரண்டு கார் என்று நாம் எல்லாரும் எழுதினோம். ஆசிரியரும் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டுக் கொடுத்தார். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. பன்னிரண்டு வயதில் அந்தக் கேள்வி தோன்றாதது இயல்பே. இருபத்திரண்டு வயதிலும் தோன்றாமல் இருந்தால் அது ஆபத்து.

விடுதியில் நண்பர்களோடு வீடு பற்றிப் பேசினால் இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. ஒன்று, “நம்மால் வீடு வாங்கவே முடியாது, விடு” என்ற விரக்தி. மற்றொன்று, “வாங்கினால் தீவிலே வாங்க வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூரிலே வாங்க வேண்டும்” என்ற பிடிவாதம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பாரிட் புந்தார், பாகான் செராய், நிபோங் திபால், பாடாங் செராய், கோல கெட்டில் போன்ற சிறிய விவசாயப் பட்டணங்களில், கைக்கெட்டும் விலையில், நம் பெயரில் கிராண்ட் உள்ள ஓர் எளிய வீட்டை வாங்குவது. இது பின்னோக்கிப் போவது ஆகாது என்பதும், நம் சமுதாயம் நூறாண்டுக்கு மேலாக விட்டுவந்த ஒன்றை இப்போதாவது பெறுவதற்கான வழி என்பதும் என் கருத்து. இதை ஏற்காதவர்கள் பலர் இருப்பீர்கள். என் வாதத்தை முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்!

லயத்து வீடு யாருடைய வீடு?

நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா லாரி ஓட்டுநர். அம்மா பிறையில் தொழிற்சாலைத் தொழிலாளி. நாங்கள் இருப்பது வாடகை அடுக்குமாடி வீடு. என் பாட்டியோ செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். லயத்தில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. லயத்தில்தான் ஐந்து பிள்ளைகளையும் பெற்றார். வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் வைத்தார், ஆடு வளர்த்தார். தோட்டம் கைமாறியபோது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. பாட்டி கையோடு கொண்டுவந்தது சாமி படமும் ஒரு தகரப் பெட்டியும்தான். “மரத்தைக் கூட விட்டுட்டு வந்தோம்டா” என்று இன்றும் முருங்கை மரத்துக்காக வருந்துவார். வீட்டுக்காக வருந்தி நான் கேட்டதில்லை. அது தன் வீடு இல்லை என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். ஓய்வு பெற்றாலோ, வேலை போனாலோ, தோட்டம் விற்கப்பட்டாலோ கூரையும் போய்விடும். தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று நம் நாட்டில் சட்டம் உண்டு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அறையின் பரப்பு, தண்ணீர், சுகாதாரம் எல்லாவற்றையும் பேசுகிறது. ஆனால் தரம் வேறு, உரிமை வேறு. எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அதன் கிராண்டில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

இடைநிலைப்பள்ளியில் நான் படித்தது தேசியப் பள்ளி. அங்கே வரலாற்றுப் பாடத்தில் பெல்டா பற்றியும் புதுக் கிராமங்கள் பற்றியும் படித்தோம். அப்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்திகளை இப்போது அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது. அவசரகாலத்தின்போது 1950-ஆம் ஆண்டு தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். அது கட்டாயக் குடியேற்றம். முள்வேலிக்குள் பட்ட துன்பமும் அதிகம். ஆயினும் காலப்போக்கில் அவர்களில் பலருக்கு வீட்டுமனைக்குத் தற்காலிக உரிமமும், பிறகு குத்தகைப் பத்திரமும் கிடைத்தன. 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெல்டா, நிலமற்ற கிராமத்து மக்களுக்கு, பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்கு, வீட்டுமனையும் ஏறக்குறைய பத்து ஏக்கர் பயிர் நிலமும் கொடுத்தது. அதில் குடியேறிய நம்மவர் மிகச் சிலரே. அதே அவசரகாலத்தில் தோட்டத் தமிழர்களையும் வேலிக்குள் ஒன்று சேர்த்தார்கள். ஆனால் அந்த வேலி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது; நிலம் கம்பெனியுடையதாகவே இருந்தது.

யாரையும் பார்த்துப் பொறாமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே பத்தாண்டில் மூன்று சமூகங்களின் ஏழை மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். அவர்களுள் நிலத்தோடு எந்தத் தொடர்பும் ஏற்படாமல் போனவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். இன்றைய நம் வாடகை வீட்டின் வேர் அங்கே இருக்கிறது.

பத்து வெள்ளி சொன்ன பாடம்

இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான உங்கு அசீஸ் இந்தத் தோட்டத் துண்டாடல் பற்றி ஓர் ஆய்வே செய்தார். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் நாடெங்கும் தவித்தன.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்கினால் யாரும் அவர்களை வெளியேற்ற முடியாது என்பதுதான் திட்டம். அந்தப் பணத்தில் சங்கம் உண்மையாகவே தோட்டங்களை வாங்கியது. இன்றுவரை அது இயங்கி வருகிறது.

அன்று பத்து வெள்ளி என்பது ஒரு தொழிலாளிக்குச் சிறிய தொகை இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதைக் கொடுத்தார்கள். ‘நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும்’ என்ற ஒன்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பட்டம் பெறப்போகும் நமக்கு அது புரிந்திருக்கிறதா?

புரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஜார்ஜ் டவுனை அடுத்த கம்போங் புவா பாலாவை மறந்திருக்க மாட்டீர்கள். மாடு வளர்த்து, பொங்கல் கொண்டாடி, தலைமுறை தலைமுறையாக நம்மவர் வாழ்ந்த கிராமம் அது. 2009-ஆம் ஆண்டு அம்மக்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அந்த ஆண்டிலேயே வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் அரசியலைப் பேச நான் வரவில்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்ற கணக்கு நில அலுவலகத்தின் ஏட்டில் இடம்பெறாது என்ற ஒரு பாடம் போதும்.

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இன்னும் லயன் அறைகளில் வாழ்கிறார்கள். அங்கே இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. அந்த வீட்டுத் திட்டங்களில் மக்கள் அதிகம் பேசுவது சுவரையும் கூரையையும் பற்றி இல்லை. ஏழு பேர்ச் நிலத்தையும் அதற்கான உறுதிப் பத்திரத்தையும் பற்றித்தான். லயத்தில் வாழ்ந்தவனுக்குத்தான் பத்திரத்தின் அருமை தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் வீட்டின் விலை இருந்தால் அது கட்டுப்படியாகும் வீடு என்பது உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். கசானா ஆய்வுக் கழகம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், மலேசியாவில் இந்த அளவு 4.4 மடங்கு என்று கணக்கிட்டிருந்தது. அதாவது, நாட்டின் நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு நடுத்தர விலை வீடே எட்டாமல் இருந்தது.

இப்போது நம் நிலைக்கு வருவோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மாதம் 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 60,000. மூன்று மடங்கு என்றால் 180,000 ரிங்கிட். இந்த விலையில் தீவில் தரைவீடு கிடைக்குமா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 450,000 ரிங்கிட் விலையுள்ள வீட்டைத் தொண்ணூறு விழுக்காட்டுக் கடனில், 4 விழுக்காட்டு வட்டியில், 35 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 1,790 ரிங்கிட் கட்ட வேண்டும். அது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முன்பணம் மட்டுமே 45,000. அதே கணக்கில் 200,000 ரிங்கிட் வீட்டுக்கு முன்பணம் 20,000. மாதத் தவணை ஏறக்குறைய 800. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடிக்கு நாங்கள் கட்டும் வாடகை இந்தத் தவணையோடு ஒப்பிடும்படி இருக்கிறது. ஆனால் வாடகை கட்டக் கட்ட ஒரு செங்கல்கூட நமதாவதில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2025-ஆம் ஆண்டு முதல் அது 1,700 ரிங்கிட். இருவர் உழைத்தாலும் ஆண்டுக்கு 40,800. மூன்று மடங்கு 122,400 ரிங்கிட். அந்தக் குடும்பத்துக்குப் பெருநகரத்தில் மலிவு விலை அடுக்குமாடியை விட்டால் வேறு வழியில்லை. சிறு பட்டணத்தில்தான் ஒரு பழைய ஒற்றைமாடி வீடாவது கண்ணுக்குத் தெரிகிறது.

கிராமத்தில் வீடு கட்ட அரசாங்கத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ‘ரூமா மெஸ்ரா ராக்யாட்’ திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் வீடு கட்ட, விண்ணப்பிப்பவருக்குச் சொந்த நிலமோ குடும்ப நிலமோ இருக்க வேண்டும். தாத்தா விட்டுச்சென்ற நிலம் இருப்பவனுக்கு அது கதவைத் திறக்கும். தாத்தா லயத்தில் இருந்தவனுக்கு? நிலமில்லாத வரலாறு இப்படித்தான் பேரன் காலத்திலும் வந்து குறுக்கே நிற்கிறது. ஆகவே நமக்கு முதல் படி, நிலத்தோடு கூடிய வீட்டை விலை கொடுத்து வாங்குவதுதான்.

“திரும்பவும் தோட்டத்துக்கா?”

இந்தக் கருத்தைச் சொன்னபோது என் தோழி ஒருத்தி சிரித்தாள். “நம் அப்பாக்கள் தோட்டத்தை விட்டு வெளியே வர எவ்வளவு பாடுபட்டார்கள்! நீ திரும்பவும் செம்பனைக் காட்டுக்குப் போகச் சொல்கிறாயா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டில் அம்மாவும் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்.

தோட்டம் வேறு, பட்டணம் வேறு என்பது என் முதல் பதில். பாரிட் புந்தாரும் பாகான் செராயும் பேராவின் கிரியான் மாவட்டத்து நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர்கள். 1906-ஆம் ஆண்டிலேயே அங்கே பெரிய நீர்ப்பாசனத் திட்டம் வந்துவிட்டது. மருத்துவமனை, சந்தை, வங்கி, கோயில், பள்ளி எல்லாம் உண்டு. நிபோங் திபாலில் 2001-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இயங்குகிறது. அங்கே படிக்கும் நம் நண்பர்கள் பலர் மாலையில் தேநீர் குடிக்கப் பாரிட் புந்தாருக்குத்தான் போகிறார்கள். அதை யாரும் காடு என்று சொல்வதில்லை.

வேலையும் இடம் மாறியிருக்கிறது என்பது இரண்டாவது பதில். நம் பெற்றோர் காலத்தில் வேலை என்றால் பாயான் லெப்பாஸ், பிறை. இன்றைக்கு முன்னாள் தோட்ட நிலமான பத்து காவானில் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்துவிட்டன. 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பத்து காவானில் வேலை செய்பவருக்கு நிபோங் திபாலும் பாரிட் புந்தாரும் அருகில். கூலிமில் வேலை செய்பவருக்குப் பாடாங் செராயும் லூனாஸும் அருகில். பட்டர்வொர்த்துக்கே வர வேண்டும் என்றாலும், புக்கிட் மெர்த்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் வழியாகக் கொம்யூட்டர் இரயில் ஓடுகிறது.

மூன்றாவது, நம் மொழி சார்ந்த காரணம். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, 150 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள குறைந்த மாணவர் பள்ளிகள். தோட்டம் கலைந்தபோது குடும்பங்கள் போய்விட்டன. பள்ளி மட்டும் நிற்கிறது. ஆண்டுதோறும் ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று மேடையில் முழங்குகிறோம். ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் ஊரில் வாழ யாரும் முன்வருவதில்லை. நான்கு இளம் குடும்பங்கள் ஒரு சிறு பட்டணத்தில் வீடு வாங்கினால், ஆறேழு ஆண்டுகளில் அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் அது தெரியும். முழக்கத்தால் ஆகாததை முகவரி செய்துவிடும்.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த ஊரிலும் வீடு வாங்கக் கூடாது. ஜப்பானில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. பல ஊர்களில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் போய்விட்ட ஊரில் வீடு வெறும் சுவர்தான். எனவே நாம் பார்க்க வேண்டியது, வேலைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய, இரயிலோ நெடுஞ்சாலையோ தொடுகின்ற, பள்ளி உயிரோடு இருக்கின்ற ஊர். தினமும் மோட்டார் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போய்வரச் செய்யும் வீடு மலிவு வீடு ஆகாது. அதன் விலையைப் பெட்ரோலிலும் உடம்பிலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

வீட்டைப் பார்க்கும் முன் கிராண்டைப் பார்

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

சென்ற ஆண்டு அப்பாவிடம் ஒருவர் வந்தார். கெடாவில் ஒரு சிற்றூரின் ஓரத்தில் 5,000 சதுர அடி நிலம், 60,000 ரிங்கிட்தான், “சின்னதாக ஒரு வீடு கட்டி, பின்னால் கோழி வளர்க்கலாம் அண்ணே” என்றார். அழகான வரைபடமும் காட்டினார். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டிருந்தது. அப்பாவின் கண்ணில் அப்படி ஓர் ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேமநிதிப் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை செய்யும் என் பெரியப்பா மகன்தான், “சித்தப்பா, ஒரு வாரம் பொறுங்கள்” என்று சொல்லி, நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்து பார்த்தார்.

ஏட்டில் இருந்தது வேறு கதை. நான்கு ஏக்கர் நிலம், ஒரே கிராண்ட், விவசாய வகை. நான்கு ஏக்கர் என்பது 174,240 சதுர அடி. ஐயாயிரமாகப் பிரித்தால் 34 துண்டு. ஆனால் தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கீழ் பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்க முடியாது. அப்படியானால் அந்த நிலத்தில் அதிகம் போனால் நான்கு கிராண்டுதான் வரும். முப்பத்து நான்கு பேருக்கு என்ன கிடைக்கும்? பொதுக் கிராண்டில் பிரிக்கப்படாத ஒரு பங்கு. அல்லது அதுவும் இல்லாமல் வெறும் ஒப்பந்தக் காகிதம். உன் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சட்டப்படி காட்ட முடியாது. வங்கிகள் பொதுவாக அதற்குக் கடன் தராது. வீட்டு வரைபடத்துக்கு ஊராட்சி மன்றம் ஒப்புதல் தருவதும் கடினம். நிலத்தின் நிபந்தனையை மீறினால் அரசாங்கம் நிலத்தையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. மலாயில் இதற்கு ‘லோட் லிடி’ என்று பெயர். லிடி என்றால் தென்னை ஈர்க்குச்சி. அத்தனை மெல்லிய துண்டு!

பாட்டி நிலமில்லாமல் வெளியே வந்தார். அப்பா பணத்தையும் கொடுத்துவிட்டு நிலமில்லாமல் நிற்க இருந்தார். ஆசை இருந்தது, பணமும் இருந்தது, கிராண்டைப் படிக்கும் அறிவுதான் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சிறு பட்டணத்தில் வீடு வாங்குவோம். ஆனால் வீட்டைப் பார்க்கும் முன் கிராண்டைப் பார்ப்போம். பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

முதலாவது, நிலத்தின் வகை. விவசாயமா, கட்டடமா, தொழிலா என்று கிராண்டிலேயே இருக்கும். அதன் கீழ் ‘ஷாராட் ஞாதா’ என்ற நிபந்தனையில் அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று அச்சிட்டிருக்கும். குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டட வகைதான் பாதுகாப்பு.

இரண்டாவது, உரிமையின் காலம். நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மீதம்? முப்பது ஆண்டு மட்டுமே மீதமுள்ள வீட்டை முப்பத்தைந்து ஆண்டுக் கடனில் வாங்க நினைப்பது வேடிக்கை.

மூன்றாவது, உரிமைக் கட்டுப்பாடு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்க முடியாத நிலம் உண்டு. கெடாவிலும் பேராவிலும் மலாய் ஒதுக்கீட்டு நிலம் உண்டு. அதை நாம் வாங்க முடியாது. யார் எப்படிப் பேசினாலும் வேறொருவர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளும் விளையாட்டில் இறங்கவே கூடாது.

நான்காவது, விற்பவரின் பெயரும் கிராண்டில் உள்ள பெயரும் ஒன்றா, நிலத்தின்மீது வங்கிக் கடனோ வழக்கோ இருக்கிறதா என்பது. இதற்குத்தான் அதிகாரப்பூர்வத் தேடல். சிறிய கட்டணம்தான். 60,000 ரிங்கிட்டைக் காப்பாற்ற அதைவிட மலிவான வழி இல்லை.

புதிய தாமானில் வாங்குவதென்றால், மேம்பாட்டாளருக்கு வீடமைப்பு அமைச்சின் உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட வீடுகளுக்கு வங்கித் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் கதைகளை நாளிதழ்களில் எல்லாரும் படித்திருக்கிறோம்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஊழியர் சேமநிதியில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சந்தாவில் 15 விழுக்காடு செஜாத்தெரா கணக்குக்குப் போகிறது. வீட்டுக்கு அதிலிருந்து எடுக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத லாரி ஓட்டுநர், சிறு வியாபாரி போன்றோருக்கு வங்கிக் கடன் கிடைக்க, வீடமைப்புக் கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்.ஜே.கே.பி. உத்தரவாதம் தருகிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருந்து, படிக்காத பெற்றோருக்கும் உறவினருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே?

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் முடிவு இன்னும் ஆகவில்லை. பாகான் செராயில் ஒரு பழைய ஒற்றைமாடித் தொடர்வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். கட்டட வகை நிலம்; நிரந்தர உரிமை; தனிக் கிராண்ட். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பட்டர்வொர்த்தை விட மனமில்லை. கோயில், தோழிகள், பதினைந்து ஆண்டு வேலை எல்லாம் இங்கேதான். அவருடைய தயக்கத்தை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊரை விடுவதற்கும் விலை உண்டு. அதை எந்த வங்கிக் கணக்கிலும் போட முடியாது. அவர் வேண்டாம் என்றால், வேலைக்குப் போன பிறகு நானும் அக்காவும் சேர்ந்து வாங்குவோம். ஆனால் வாங்குவது கிராண்டோடுதான் என்பதில் மட்டும் வீட்டில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

நம் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கவியரங்கம், பட்டிமன்றம், சொற்போர் எல்லாம் சிறப்பாக நடத்துகிறோம், தொடர்ந்து நடத்துவோம். அவற்றோடு, ஒரே ஒரு சனிக்கிழமை, சட்டத்துறை மாணவர்களையும் முன்னாள் மாணவர்களான வழக்கறிஞர்களையும் அழைத்து, ‘கிராண்டைப் படிப்பது எப்படி’ என்று தமிழில் ஒரு பட்டறை நடத்துவோம். பெற்றோரையும் அழைத்து வரச் சொல்வோம். நிலச் சட்டத்தின் மலாய்ச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி, இரண்டு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் கொடுப்போம். மொழியை வளர்ப்பது என்றால் இதுவும்தான். ஒரு தாய் தன் வீட்டுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தன் மொழியில் புரிந்துகொள்ள முடியாவிட்டால், நாம் மேடையில் பேசும் தமிழ் அவருக்கு எதற்கு?

முன்னாள் மாணவர்களே, நீங்கள் ஏற்கெனவே சிறு பட்டணங்களில் வீடு வாங்கியிருந்தால், உங்கள் அனுபவத்தை இந்த மலரின் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எவ்வளவு தூரம், எது நன்றாக அமைந்தது, எதில் ஏமாந்தீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்கு அது நூறு சொற்பொழிவுகளைவிடப் பயன்படும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் படிக்காத தொழிலாளர்கள் பத்து வெள்ளி கொடுத்தார்கள். நமக்குப் படிப்பு இருக்கிறது, சட்டம் படித்த நண்பர்கள் இருக்கிறார்கள், நாளைக்குச் சம்பளமும் வரும். பெரிய வீடு வேண்டாம். பெரிய ஊரும் வேண்டாம். நெல் வயலோரத்தில் மூன்று அறை வீடாக இருந்தாலும், அதன் கிராண்டில் நம் பெயர் இருக்கட்டும்.